கோபம் தணிஞ்ச ஊர்ல ஒரு துப்பாக்கிக் கணக்கு

இன்ஜினீயரிங் படிக்கிறவன்னா வீட்ல ஒரு தனி மரியாதை உண்டு பாஸ். மிக்ஸி ஓடலையா, கூப்பிடு அவனை. டி.வி-யில கோடு விழுதா, கூப்பிடு அவனை. நான் படிக்கிறது இ.சி.இ., அதுலயும் மூணாவது செமஸ்டர் அரியர் ஒண்ணு இன்னும் பாக்கி. அதையெல்லாம் யாரும் கேட்கிறதே இல்லை. போன மாசம் திருத்தணியில இருந்து பெரியப்பா போன் பண்ணினார். "கண்ணு, ஆன்லைன்ல ஒரு பாரம் போடணும். ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ." ரேஷன் கார்டா இருக்கும், இல்லைன்னா பென்ஷனா இருக்கும்னு நினைச்சு, சென்ட்ரல்ல காலையில திருத்தணி லோக்கலைப் பிடிச்சேன். போய்ப் பார்த்தா... துப்பாக்கி!

பதறாதீங்க. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான். பெரியப்பா ராணுவத்தில் 17 வருஷம் இருந்துட்டு வந்தவர். இப்போ பாங்க்குக்கும் ஏ.டி.எம்.முக்கும் பணம் எடுத்துப் போற வேன்ல காவலுக்குப் போறார். சொந்தத் துப்பாக்கி இருந்தா அந்த வேலையில் சம்பளம் கொஞ்சம் கூட. அதனால ஒரு இரட்டைக் குழல், 12 போர். அந்த லைசென்ஸைத்தான் புதுப்பிக்கணும். முன்னாடி 3 வருஷத்துக்கு ஒரு தடவை. 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. லேப்டாப்பைத் திறந்து, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு உட்கார்ந்தேன். எதிர்பார்த்தபடியே சர்வர் டவுன்.

"சாயங்காலம் பார்த்துக்கலாம். இவ்ளோ தூரம் வந்துட்டு முருகனைப் பாக்காம போவியா?" என்று பெரியம்மா கையில் ஒரு தேங்காய்ப் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திருத்தணி மலைக்கு மொத்தம் 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31 ராத்திரி நம்ம ஆளுங்க பைக்கில் பீச் ரோட்டைச் சுத்திக்கிட்டு இருக்கிற நேரத்தில், இங்கே ஒவ்வொரு படிக்கும் பூஜை பண்ணி, பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி, புது வருஷத்தை முருகன்கிட்ட ஆரம்பிக்கிறது வழக்கம். ஜனவரி 1-ந் தேதி வெள்ளைக்கார துரைகளுக்கு வணக்கம் சொல்லப் போய் நின்ன நம்ம ஜனங்களை, 'முதல்ல நம்ம துரைக்குச் சொல்லுங்கப்பா'ன்னு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருப்பி விட்ட வழக்கம் இது. ஐடியா செம இல்ல?

வண்டி போக ரோடு இருக்கு. ஆனாலும் கெத்தா படியிலேயே ஏறினேன். பாதி வழியில் கெத்து காலி. பூக்கூடையோட உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

"என்னா தம்பி, வயசுப் புள்ள... இப்டி மூச்சு வாங்குற?"

அவங்க பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்துட்டேன். வியாபாரம் எப்போ நல்லா இருக்கும்னு கேட்டேன். ஆடிக் கிருத்திகைதான் பெருசாம். மலை முழுக்கக் காவடியாம். "அப்போ கந்த சஷ்டி?"

"சஷ்டிக்கு இங்க சம்ஹாரம் கெடையாது தம்பி. பூதான். கூடை கூடையா கொட்டுவாங்க. சண்டையெல்லாம் முடிச்சிட்டு, கோவம் தணிஞ்சு வந்து உக்காந்த எடம் இது. இங்க வந்து யாரைக் குத்துறது?"

எனக்கு இது தெரியவே தெரியாது. திருச்செந்தூர்ல சூரசம்ஹாரம் நடக்கிற அதே நாள்ல, திருத்தணியில் புஷ்பாஞ்சலி. ஊர்ப் பேரே அப்படித்தான் வந்ததுன்னு சொல்றாங்க. பழைய பேர் செருத்தணி. செருன்னா போர். போர்க் கோபம் தணிந்த இடம். ஆயுதத்துக்குப் பேர் போன சாமி, ஆயுதத்தை ஓரமா வச்சிட்டு உட்கார்ந்த மலை. நாற்பது ரூபாய்க்கு ரெண்டு முழம் வாங்கிக்கிட்டு மேலே போனேன்.

தரிசனம் முடிச்சு மேலே நின்னு பார்த்தா, வடக்கே நகரி மலை வரிசை. அதில் ஒரு முனை மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் காலத்தில் மெட்ராஸுக்கு வந்த கப்பல்காரர்கள் கடல்ல இருந்து அதைப் பார்த்துத்தான் கரை வந்துடுச்சுன்னு கண்டுபிடிப்பாங்களாம். 'நகரி மூக்கு'ன்னே பேர். மலையின் அந்தப் பக்கம் ஆந்திரா. இந்தப் பக்கமும் ஒரு காலத்தில் ஆந்திராதான். ம.பொ.சி. உள்ளிட்டவர்களின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் திருத்தணி நம்ம மாநிலத்துக்கு வந்தது. ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர்னு பள்ளிக்கூடத்தில் செப்டம்பர் 5-க்கு செப்டம்பர் 5 மனப்பாடம் பண்ணியிருப்பீங்களே, அதே ஊர்தான். கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பிச்சுத் தெலுங்கில் முடியும். யாரும் அதைக் கவனிக்கிறதுகூட இல்லை.

அந்த மலை வரிசையைப் பார்த்ததும் எனக்கு ஒரு போட்டோ ஞாபகத்துக்கு வந்துடுச்சு. பேப்பர்ல வந்த போட்டோ. 2015 ஏப்ரல். நான் அஞ்சாங்கிளாஸ், முழுப்பரீட்சை நேரம். லீவு விட்டதும் பெரியப்பா வீட்டுக்கு வந்து, இங்கிருந்து எல்லாரும் திருப்பதி போறதா பிளான். திடீர்னு பஸ் ஓடலைன்னாங்க. டிரிப் கேன்சல். நான் அழுதேன். அப்பா பேப்பரைச் சட்டுனு மடிச்சு வைக்கிறதுக்குள்ள பார்த்துட்டேன். காட்டில் மரக்கட்டைகள். பக்கத்திலேயே மனுஷங்க. எது கட்டை, எது ஆள்னு முதல்ல புரியலை.

2015 ஏப்ரல் 7 விடிகாலை. திருப்பதியை ஒட்டின சேஷாசலம் காட்டில், சந்திரகிரிக்குப் பக்கத்தில், செம்மரக் கடத்தலைத் தடுக்க ஆந்திர அரசு அமைச்ச சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்துப் போனார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிகள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள், பலர் மலைகிராமத்து ஆட்கள். நூறு பேருக்கு மேல கல்லும் கோடாலியுமா தாக்க வந்தாங்க, தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். போலீஸ் தரப்பில் ஒரு உயிர்ச் சேதமும் இல்லை.

மலையை விட்டு இறங்கினதும் பெரியப்பா வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நகரி பஸ் நின்னுக்கிட்டு இருந்தது. ஏறிட்டேன். சர்வர் எப்படியும் சாயங்காலம்தானே!

சும்மா ஒரு மலைக்கோயில், ஒரு லெமன் சோடா என்று முடியவேண்டிய ஞாயிற்றுக்கிழமை இப்படித் திரும்பிடுச்சு. பொன்பாடி செக்போஸ்ட் தாண்டினால் போர்டெல்லாம் ஜிலேபி எழுத்து. ரயில்ல வந்தா இந்த இடத்தில் 'வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை'ன்னு ஒரு ஸ்டேஷன் வரும். பேரைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ரயில் கிளம்பிடும். நகரியில் இறங்கினதும் விசைத்தறிச் சத்தம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் புத்தூர். கை கால் உடைஞ்சவங்க எல்லாம் புத்தூர்க் கட்டுக்குத் தேடி வருகிற ஊர். டீக்கடையில் நான் தமிழில் கேட்க, அவர் தெலுங்கில் பதில் சொல்ல, டீ சரியாத்தான் வந்தது.

நான் வந்த இந்த ரோட்டுக்கும் அந்த 20 பேருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. தப்பிச்சு வந்தவர்களில் ஒருத்தர் சொன்னது அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அவரும் கூட்டாளிகளும் பஸ்ஸில் வந்துக்கிட்டு இருந்தாங்க. நகரி புத்தூர்ப் பக்கத்தில் போலீஸ் ஏறி மத்தவங்களை இறக்கிக் கூட்டிட்டுப் போச்சு. இவர் தள்ளி ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தம்மாகூட வந்தவர்னு நினைச்சு விட்டுட்டாங்க. மறுநாள் கூட வந்தவர்கள் காட்டில் பிணமாகக் கிடந்தார்கள். அதாவது, பஸ்ஸில் எந்த சீட்டில் உட்கார்ந்தோம் என்பது ஒரு உயிர். 'காட்டில் எதிர்த்தாங்க, சுட்டோம்' என்பது ஒரு கதை. 'பஸ்ஸிலிருந்து பிடிச்சுக்கிட்டுப் போனாங்க' என்பது இன்னொரு கதை. தப்பி வந்தவர்கள் டெல்லி போய் தேசிய மனித உரிமை ஆணையத்தில் வாக்குமூலம் கொடுத்தாங்க. செத்தவர் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது ஆணையம். கோர்ட் தலையிட்டு, கொலை வழக்குப் பதிவாகி, சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டு... பத்து வருஷம் தாண்டியாச்சு. ஒருத்தருக்கும் தண்டனை இல்லை.

டீக்கடை வாசல்ல இருந்தே ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். அவன் எதையும் எடுத்த எடுப்பில் ஒத்துக்க மாட்டான். அதுக்காகத்தான் அவனுக்குப் போடுறது.

"மச்சான், மரம் கடத்தினது தப்புதானே? போலீஸ் கையில துப்பாக்கி இல்லைன்னா ஒரு மரம் மிஞ்சுமா?"

அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. செம்மரம் உலகத்திலேயே இந்தப் பக்கத்து மலைகள்ல மட்டும்தான் இயற்கையா வளருது. கடல் தாண்டி சீனா வரைக்கும் கிராக்கி. இதே சேஷாசலத்தில் 2013 டிசம்பர் 15-ந் தேதி வனத்துறை அதிகாரிகள் ரெண்டு பேரைக் கல்லால் அடிச்சுக் கொன்னாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருந்தது. ஆனா அந்தக் கேஸ் என்ன ஆச்சு தெரியுமா? நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகளைப் பிடிச்சு ரெண்டு வருஷம் உள்ளே வச்சிருந்து, கடைசியில 2016 பிப்ரவரியில் இருநூற்றுச் சொச்சம் பேரைக் குற்றம் நிரூபிக்கப்படலைன்னு கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. கொன்னவன் யாரு? தெரியலை. 2015-ல சுட்டவன் யாரு? அதுவும் தெரியலை. ரெண்டு பக்கமும் செத்தவர்கள் மட்டும்தான் தெரியும்.

"அப்போ துப்பாக்கியைப் பிடுங்கிடணும்ங்கிறியா?" என்றான்.

இல்லை. கணக்குக் கேட்கணும்ங்கிறேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

நான் என்.சி.சி.யில் இருந்தவன். ஒரே ஒரு கேம்ப்ல பாயிண்ட் 22 ரைஃபிள் சுடக் கொடுத்தாங்க. குப்புறப் படுத்து, 25 மீட்டர், அஞ்சே தோட்டா. என் தோட்டா எல்லாம் பக்கத்துப் பையனோட போர்டுல போய் விழுந்தது வேற கதை. முடிஞ்சதும் காலி உறைகளைப் பொறுக்கிக் கொடுக்கணும். அஞ்சு கொடுத்தா அஞ்சு வாங்குவாங்க. 'என்கிட்ட தோட்டாவோ காலி உறையோ எதுவும் இல்லை'ன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் இடத்தை விட்டு நகரலாம். விளையாட்டுத் துப்பாக்கி மாதிரி இருக்கிற அதுக்கே இவ்ளோ. அந்த எச்சரிக்கை ஏன்னு 2021 டிசம்பர் 30-ந் தேதி புரிஞ்சது. புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம் துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் இருந்து தப்பி வந்த ஒரு குண்டு, வீட்டில் இருந்த 11 வயசுப் பையன் தலையில் பாய்ந்தது. ஜனவரி 3-ந் தேதி இறந்துட்டான். அதுக்கப்புறம் அந்தத் தளத்தையே நிரந்தரமா மூடினாங்க.

நம்மை மாதிரி ஆளுங்க துப்பாக்கி வச்சிருக்கணும்னா 1959 ஆயுதச் சட்டம் பிடிச்சு உலுக்கிடும். எதுக்கு வேணும்னு கேட்கும், போலீஸ் வந்து அக்கம் பக்கத்தில் விசாரிக்கும். ஒரு ஆள் 3 துப்பாக்கி வரை வச்சிருக்கலாம்னு இருந்ததை 2019-ல் 2 ஆக்கிட்டாங்க. கல்யாண ஊர்வலத்தில் ஜாலியா வானத்தைப் பார்த்துச் சுட்டு, அதனால யாருக்காவது ஆபத்துன்னா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்லைன்னா ஒரு லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். எல்லாம் சரி. ஆனா அதே சட்டத்தில் 45-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அரசு ஊழியர் பணி நிமித்தமா வச்சிருக்கிற ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நியாயம்தான், எஸ்.ஐ. போய் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல லைசென்ஸுக்கு நிக்க முடியுமா? அப்போ அவங்க துப்பாக்கிக்குக் கடிவாளம் எது?

அதுவும் இருக்கு. கைது பண்ணப் போகும்போது, தூக்கோ ஆயுளோ விதிக்கிற அளவு குற்றம் சாட்டப்படாத ஒருத்தரைக் கொல்ல உரிமை இல்லைன்னு பழைய குற்ற நடைமுறைச் சட்டம் 46(3) சொன்னது. அது போய் இப்போ வந்திருக்கிற புதுச் சட்டத்திலும் அந்த வரி அப்படியே இருக்கு. மரம் வெட்டுறது தூக்குத் தண்டனைக் குற்றம் இல்லை. தன் உயிரைக் காப்பாத்திக்கச் சுட்டோம்னு சொல்லலாம், அதை நிரூபிக்கணும். எப்படி நிரூபிக்கிறது? மும்பையில் 1995 முதல் 1997 வரை 99 என்கவுன்ட்டர்களில் சுமார் 135 பேர் செத்த விவகாரத்தில், 2014 செப்டம்பர் 23-ந் தேதி உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகள் கொடுத்தது. சுட்ட ஸ்டேஷனே விசாரிக்கக் கூடாது. சி.ஐ.டி. அல்லது வேற ஸ்டேஷன் குழு விசாரிக்கணும். பிரேதப் பரிசோதனை ரெண்டு டாக்டர் பண்ணணும், வீடியோ எடுக்கணும். சம்பவம் முடிஞ்ச உடனே மெடலோ அவுட் ஆஃப் டர்ன் புரமோஷனோ கொடுக்கக் கூடாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி, சுட்டவர் தன் துப்பாக்கியைப் பரிசோதனைக்கு ஒப்படைக்கணும் என்பது.

ஏன் பிடிச்சதுன்னா, அது நம்ம ஏரியா. ரைஃபிள் குழலுக்குள்ள திருகு மாதிரி வரி இருக்கும். அந்த வரி குண்டு மேல கீறலைப் போடும். ஃபயரிங் பின் உறையின் அடியில் ஒரு முத்திரை குத்தும். மைக்ராஸ்கோப்பில் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சா எந்தத் துப்பாக்கின்னு சொல்லிடலாம். ரொம்பக் கிட்டத்தில் சுட்டிருந்தா தோலில் கரியும் மருந்துப் புள்ளியும் இருக்கும்; எட்டத்தில் நின்னு சுட்டிருந்தா இருக்காது. ஆக, காட்டில் ஓடினவனைச் சுட்டதா, நிக்க வச்சுச் சுட்டதான்னு உடம்பும் இரும்புமே பேசும். கேட்கத்தான் ஆள் வேணும், அதுவும் சூட்டோட சூடா. சேஷாசலம் நடந்தது இந்தத் தீர்ப்பு வந்து ஆறரை மாசம் கழிச்சு. விதி புத்தகத்தில் மை காயாமல் இருந்த நேரம்.

ஆந்திரா போலீஸ்னு திட்டிட்டுப் போயிடலாம்னா அதுவும் முடியலை. 2018 மே 22, தூத்துக்குடி. 13 பேர். சுட்டது நம்ம போலீஸ். ஓடிக்கிட்டு இருந்தவர்களைச் சுட்டிருக்காங்கன்னு நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையமே சொன்னது. 17 போலீஸார் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி எழுதின அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. 2019 டிசம்பர் 6-ல் ஹைதராபாத் பக்கத்தில் நாலு பேரைச் சுட்டப்போ, நம்ம வயசுப் பசங்க அங்கே போய் போலீஸ் தலையில் பூவைக் கொட்டினாங்க. நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் ஃபயர் எமோஜி. உச்ச நீதிமன்றம் போட்ட சிர்புர்கர் ஆணையம் 2022-ல், கொல்லணும்னே சுட்டிருக்காங்கன்னு சொன்னப்போ எத்தனை பேர் ஸ்டேட்டஸ் மாத்தினோம்? நானும் மாத்தலை. அப்போ நான் பத்தாவது. ஒரு கூடை பூ எதுக்கெல்லாம் பயன்படுது பாருங்க.

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரல் 28-ந் தேதி போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேரைச் சுட்டான். பன்னிரண்டே நாள்ல எல்லா மாநிலமும் உட்கார்ந்து துப்பாக்கி விதிகளை மாத்தினாங்க. சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கியை அரசாங்கமே காசு கொடுத்து வாங்கி அழிச்சது. நமக்கு அந்த வேலைகூட இல்லை. விதி ஏற்கனவே எழுதியாச்சு.

திரும்பி வர்ற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சது. பக்கத்தில் ஒரு அக்கா, மடியில் தூங்குற குழந்தை. பொன்பாடி செக்போஸ்ட்டில் பஸ் நின்னது. ரெண்டு காக்கிச் சட்டை ஏறி, பார்த்துட்டு, இறங்கிட்டாங்க. அரை நிமிஷம் இருக்கும். என்னை யாரும் ஒண்ணும் கேட்கலை. கேட்க மாட்டாங்க, காலேஜ் பேக், காதுல இயர்போன். பின் சீட்டில் பெயின்ட் கறை படிஞ்ச சட்டையோட நாலு பேர் இருந்தாங்க. அவங்க பேச்சு மட்டும் அந்த அரை நிமிஷம் நின்னு, அப்புறம் தொடர்ந்தது.

வீட்டுக்கு வந்தப்போ சர்வர் உயிரோட இருந்தது. பெரியப்பா பீரோவில் இருந்து லைசென்ஸ் புக்கை எடுத்துட்டு வந்தார். எத்தனை தோட்டா வாங்கலாம்னு அதிலேயே எழுதியிருக்கு. வாங்கும்போதெல்லாம் கடைக்காரர் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார். எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டு போய் ஒப்படைச்சு ரசீது வாங்கணுமாம். அந்த ரசீதுகளையும் கட்டி வச்சிருக்கார்.

"இதை ஒரு தடவையாவது சுட்டிருக்கீங்களா பெரியப்பா?"

"எதுக்குடா சுடணும்? சுடாம இருக்கத்தான் சம்பளம் தர்றான்."

நகரி போன கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எங்க ரேஞ்சுல ஒரு காலி கேஸ் குறைஞ்சாலும் விட மாட்டாங்க. இருட்டிடுச்சுன்னாலும் டார்ச் அடிச்சுத் தேடுவோம். கெடைக்கிற வரைக்கும் சோறு கெடையாது" என்றார். பெரியம்மா காபி டம்ளரை வச்சிட்டு, "இப்போ எதுக்கு அந்தப் பேச்சு" என்று உள்ளே போய்விட்டார்.

பாரத்தை நிரப்பி முடிச்சு, போட்டோ ஏத்தினேன். மூணாவது தடவை ஏறியது. அடுத்த வாரம் ஸ்டேஷன்ல துப்பாக்கியைக் காட்டணும், தோட்டாவையும் எண்ணிப் பார்ப்பாங்க என்றார்.

"எத்தனை வச்சிருக்கீங்க?"

"பன்னெண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். "இரு, எதுக்கும் இன்னொரு தடவை எண்ணிட்டு வந்துடறேன்."